இயற்கைத் தேர்வு நடந்துகொண்டே இருந்தால் இனக்கூட்டத்தில் வேறுபாடு எப்படி மிஞ்சுகிறது?

தட்டான்:

பாடப்புத்தகத்தில் மூன்று படங்கள் இருக்கும். ஒரு பண்பின் எந்த அளவு எத்தனை உயிர்களில் இருக்கிறது என்று காட்டும் மணிவளைவு, இலக்கு நோக்கிய தேர்வில் ஒரு பக்கம் நகரும். நிலைப்படுத்தும் தேர்வில் ஒல்லியாகும். உடைத்தல் முறைத் தேர்வில் இரண்டு திமிலாகப் பிரியும். முதல் இரண்டும் வேறுபாட்டைத் தின்பவை. இயற்கையில் அதிகம் நடப்பதும் அவைதாம் என்கிறார்கள். அப்படியானால் எத்தனையோ ஆயிரம் தலைமுறை கழிந்தும் அலகின் தடிமன், உடல் எடை, முட்டை எண்ணிக்கை என்று எதை அளந்தாலும் வேறுபாடு இருக்கிறதே, எப்படி? சடுதி மாற்றம் என்று ஒரே சொல்லில் முடிக்காமல் எண்களோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. களத்தில் அளந்த தரவை வைத்து "இங்கே நிலைப்படுத்தும் தேர்வு நடக்கிறது" என்று சொல்ல என்னென்ன வேண்டும்? வளைவு ஒல்லியானதைக் காட்டினால் போதுமா?

மீன்கொத்தி:

இரண்டாவதற்கு பதில்: போதாது. காரணத்தைப் பிறகு யாராவது எழுதுவார்கள், இல்லையென்றால் நானே வருகிறேன்.

முதல் கேள்வியில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. அந்த மூன்று படங்களும் ஒரே தலைமுறைக்குள் நடப்பதைக் காட்டுபவை. சாவுக்கு முன் ஒரு வளைவு, சாவுக்குப் பின் ஒரு வளைவு, அவ்வளவுதான். அடுத்த தலைமுறையின் வளைவு அந்தப் படத்தில் கிடையாது. அதை வரைய, பிழைத்தவற்றின் பண்பு குஞ்சுகளுக்கு எந்த அளவு இறங்குகிறது என்பது தெரிய வேண்டும்.

கலாபகஸில் டாஃப்னே மேஜர் தீவின் கதையை எல்லோரும் சொல்வார்கள், எண்களைத்தான் விட்டுவிடுவார்கள். 1977 வறட்சியில் சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்தின் கெட்டியான பெரிய விதைகள் மிஞ்சின. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் குழு முன்பே அளந்து வைத்திருந்த நடுத்தரத் தரை ஃபிஞ்ச்கள் 751. வறட்சிக்குப் பின் பிழைத்திருந்தவை 90. அலகுத் தடிமனின் சராசரி 9.42 மில்லிமீட்டரிலிருந்து 9.96 ஆனது. இந்த 0.54 மி.மீ.தான் தேர்வு வேறுபாட்டளவு. மரபுவழிப் பங்கு (பண்பின் வேறுபாட்டில் மரபால் வரும் பகுதி) 0.8 என்று வைத்தால் அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்க வேண்டிய நகர்வு 0.54 × 0.8, அதாவது சுமார் 0.43 மி.மீ. மீதி சூழலால் வந்தது, பெற்றோரோடு போய்விடும்.

நம் கேள்விக்குத் தேவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1983இல் எல் நீன்யோ மழை கொட்டித் தீவு முழுக்கச் சிறிய விதைகள் பெருகின. 1984–85இல் சிறிய அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. தேர்வு திசை மாறியது. எட்டு ஆண்டுகளில் இரண்டு எதிரெதிர்த் தள்ளல்கள். வெறும் தொடக்கத்தையும் முடிவையும் அளந்தவருக்கு "பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை" என்றே தோன்றும். அதோடு, மழைக்குப் பிறகு சிறு தரை ஃபிஞ்ச்சுடன் கலந்து பிறந்தவையும் நன்றாகப் பிழைத்து இனப்பெருக்கம் செய்தன. அந்தக் கலப்பு வழியாகப் புதிய அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) உள்ளே வந்தன. தேர்வு கழித்ததைக் கலப்பு கூட்டிக்கொண்டிருந்தது.

கணக்கன்:

மீன்கொத்தி சொன்னதற்கு ஒரு துணைக்குறிப்பு. தேர்வு வேரியன்ஸை (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவை) குறைத்தது என்றால் அல்லீல்கள் தொலைந்துவிட்டன என்று பொருளல்ல. இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள்.

ஒரு பண்பை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக நிர்ணயிக்கின்றன என்று வையுங்கள். நடுத்தர உயரம் உள்ளவை மட்டும் பிழைத்தால், ஒவ்வொரு மரபணுவின் அல்லீல் விகிதமும் கிட்டத்தட்ட அசையாது. மாறுவது சேர்க்கை: "கூட்டும்" அல்லீல் ஓரிடத்தில் இருப்பவற்றில் "குறைக்கும்" அல்லீல் இன்னோர் இடத்தில் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வெளியில் வேரியன்ஸ் குறைவாகத் தெரிகிறது. இதற்கு பல்மர் விளைவு என்று பெயர். தேர்வை நிறுத்திவிட்டுத் தற்செயலாகக் கலக்க விட்டால், வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும் மரபணுக்களுக்கு இந்தப் பிணைப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். மூன்று நான்கு தலைமுறையில் வேரியன்ஸ் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இலக்கு நோக்கிய தேர்வும் உடனே எதையும் காலி செய்வதில்லை. இல்லினாய் பல்கலைக்கழக மக்காச்சோளச் சோதனை 1896இல் தொடங்கியது. விதையில் எண்ணெய் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஒரே ரகத்திலிருந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணெய் மிகுந்த கதிர்களையே எடுத்து விதைத்தார்கள். 100 தலைமுறைக்குப் பின் எண்ணெய் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தொடக்க ரகத்தில் ஒரு செடிகூட அதன் பக்கத்தில் வந்திருக்காது. ஏற்கனவே சிதறிக் கிடந்த அல்லீல்கள் ஒன்றுசேர்ந்ததும், வழியில் புதிய சடுதி மாற்றங்கள் வந்ததும் சேர்ந்த பலன் அது.

சடுதி மாற்றத்துக்கும் எண் கேட்டிருந்தீர்கள். அளவுப் பண்புகளில் ஒரு தலைமுறையில் புதிதாக வரும் மரபு வேரியன்ஸ், சூழலால் வரும் வேரியன்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். சொட்டுச் சொட்டாகத்தான், ஆனால் நிற்பதில்லை.

ஒற்றை மரபணுக் கேடுகளுக்குக் கணக்கு இன்னும் எளிது. முழுமையாக ஒடுங்கிய (இரண்டு பிரதி இருந்தால் மட்டும் வெளிப்படும்), கொல்லும் அல்லீல் என்றால் சமநிலை விகிதம் சடுதி மாற்ற வீதத்தின் வர்க்கமூலம். வீதம் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் அல்லீல் விகிதம் ஆயிரத்தில் ஒன்று, தாங்கிகள் (ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள்) ஏறத்தாழ 500 பேரில் ஒருவர், நோயுற்றுப் பிறப்பது பத்து லட்சத்தில் ஒருவர். ஹெட்டிரோசைகோட்டிலும், அதாவது இரண்டு வெவ்வேறு அல்லீல் உள்ளவரிலும், கேடு கொஞ்சம் தெரிந்தால் வர்க்கமூலம் வராது. வீதத்தை அந்தக் கேட்டின் அளவால் வகுக்க வேண்டும். ஹெட்டிரோசைகோட்டுக்கு 2 சதவீத இழப்பு இருந்தாலே மேலே சொன்ன ஆயிரத்தில் ஒன்று 20,000இல் ஒன்றாகிவிடும். ஒடுங்கியிருப்பது என்பது தேர்வின் கண்ணிலிருந்து எவ்வளவு பெரிய மறைவிடம் என்று இதில் தெரியும்.

நுண்ணோக்கி:

இரண்டு அல்லீலையும் தொலையாமல் காக்கும் சமநிலைத் தேர்வைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அரிவாள் செல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முதல் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

பீட்டா குளோபினில் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருவதுதான் எஸ் அல்லீல். இரண்டு எஸ் இருந்தால் கடும் ரத்தசோகை. எஸ் இல்லாதவருக்கு ஃபால்சிபாரம் மலேரியாவில் சாவு அதிகம். ஒன்று மட்டும் இருப்பவர் இரண்டுக்கும் தப்புகிறார். ஆந்தனி ஆலிசன் 1954இல் இந்தத் தொடர்பைக் காட்டினார்.

ஹெட்டிரோசைகோட்டின் தகுதியை (பிழைத்து வாரிசு விடும் ஒப்பளவை) 1 என்று வைப்போம். எஸ் இல்லாதவருக்கு 0.89, அதாவது இழப்பு 0.11. இரண்டு எஸ் உள்ளவருக்கு 0.2, இழப்பு 0.8. சமநிலையில் எஸ் விகிதம் = 0.11 ÷ (0.11 + 0.8) = 0.12. எந்த விகிதத்தில் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும். இரண்டு அல்லீலும் தொலையாது. தேர்வு முழு வேகத்தில் நடக்கிறது, வேறுபாடு அப்படியே இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. பிறப்பவர்களில் 1.44 சதவீதம் இரண்டு எஸ்ஸோடு பிறக்கிறார்கள், 77 சதவீதம் பேர் பாதுகாப்பில்லாமல். சராசரித் தகுதி 0.903. "இயற்கை நல்லதை வைத்துக்கொள்கிறது" என்று மேடையில் பேசுபவர்கள் பார்க்க வேண்டிய எண் இது.

மலேரியா போய்விட்டால்? 0.11 என்பது பூஜ்யமாகும். எஸ் விகிதம் 0.12இலிருந்து 0.06க்கு வரச் சுமார் 11 தலைமுறை. 0.06இலிருந்து 0.03க்கு இன்னும் சுமார் 22. அரிதாக ஆக ஆக எஸ் அல்லீல் எல்லாம் ஹெட்டிரோசைகோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் வேகம் குறைந்துகொண்டே போகும்.

தட்டான்:

இது அழகாக இருக்கிறது. அப்படியானால் இனக்கூட்டத்தில் உள்ள வேறுபாட்டுக்கெல்லாம் ஹெட்டிரோசைகோட் மேன்மைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஹார்டி–வைன்பெர்க் சோதனை (தேர்வின்றித் தற்செயலாகக் கலந்தால் வரவேண்டிய மரபணு வகை விகிதங்களோடு ஒப்பிடுவது) போட்டு ஹெட்டிரோசைகோட் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாமே?

வவ்வால்குகை:

இரண்டுமே தவறு. முதலாவதை முதலில் எடுக்கிறேன்.

1966இல் லெவோன்டினும் ஹப்பியும் பழ ஈயின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது, சோதித்த மரபணு இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் வேறுபாடு இருந்தது. அவ்வளவு இடங்களிலும் ஹெட்டிரோசைகோட் மேன்மை என்றால் நுண்ணோக்கி காட்டிய விலை ஒவ்வோர் இடத்துக்கும் கட்ட வேண்டும். ஓரிடத்தில் சராசரித் தகுதி 0.99 என்றாலும், ஆயிரம் இடங்களுக்கு 0.99ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள். லட்சத்தில் நான்கு என்ற அளவுதான் மிஞ்சும். எந்த விலங்கும் அதை ஈடுகட்டும் அளவுக்குக் குட்டி போட முடியாது. தகுதிகள் பெருக்கலாகச் சேரும் என்ற அனுமானம் எல்லா இடத்திலும் பொருந்தாது என்ற மறுப்பு உண்டு. ஆனால் 1968இல் கிமுரா நடுநிலைக் கொள்கையை முன்வைத்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். மூலக்கூறு மட்டத்து வேறுபாட்டில் பெரும்பகுதியைத் தேர்வு கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் அவர் வாதம்.

தேர்வு எதைக் கண்டுகொள்ளும் என்பதற்கு ஒரு கை அளவுகோல் உண்டு. தகுதி வித்தியாசம், பயனுறு இனக்கூட்ட அளவின் (ஏறத்தாழ, உண்மையில் இனப்பெருக்கத்தில் பங்கேற்கும் எண்ணிக்கையின்) இருமடங்கின் தலைகீழைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். பயனுறு அளவு 20 என்றால் எல்லை 0.025. அங்கே 1 சதவீத நன்மையுள்ள அல்லீலும் சும்மா இருக்கும் அல்லீலும் ஏறக்குறைய ஒன்றுதான், மரபணு நகர்வு (அல்லீல் விகிதத்தின் தற்செயலான ஏற்றஇறக்கம்) இழுத்த பக்கம் போகும். பயனுறு அளவு 10,000 என்றால் அதே 1 சதவீதம் பெரிய விசை. அப்போதும் புதிதாக ஒற்றைப் பிரதியாகத் தோன்றிய நல்ல அல்லீல் நிலைபெறும் வாய்ப்பு நன்மையின் இருமடங்குதான், அதாவது 2 சதவீதம். நூறில் 98 முறை நல்லது முளையிலேயே தொலைந்துவிடும்.

ஹெட்டிரோசைகோட் மேன்மை நிரூபிக்கப்பட்ட இடங்கள் குறைவு. இருப்பவற்றிலும் பல, ஒரே அல்லீல் ஒரு பக்கம் லாபமும் மறுபக்கம் நட்டமும் தருவதால் வருபவை. ஸ்காட்லாந்தின் ஹிர்ட்டா தீவில் திரியும் சோவே ஆடுகளில் கொம்பின் அளவை ஆர்எக்ஸ்எஃப்பி2 என்ற மரபணு பெருமளவு தீர்மானிக்கிறது. பெரிய கொம்பு அல்லீல் இரண்டு உள்ள கிடாக்களுக்குக் குட்டிகள் அதிகம், ஆயுள் குறைவு. சிறிய கொம்பு அல்லீல் இரண்டு உள்ளவை நன்றாகப் பிழைக்கும், குட்டிகள் குறைவு. ஒவ்வொன்று உள்ளவை குட்டியிலும் சோடை போவதில்லை, பிழைப்பிலும் சோடை போவதில்லை. 2013இல் வெளியான ஆய்வு இது. ஆயுளை மட்டும் அளந்திருந்தால் "சிறிய கொம்புக்குச் சாதகமான தேர்வு" என்று எழுதி முடித்திருப்பார்கள்.

கணக்கன்:

> ஹார்டி–வைன்பெர்க் சோதனை போட்டு... கண்டுபிடித்துவிடலாமே?

இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்களோ! தேர்வைக் கண்டுபிடிக்க இதைவிட மொட்டையான கத்தி கிடையாது. ஒரு கணக்கு.

பிறந்த 100இல் மூன்று மரபணு வகைகளும் 36, 48, 16. கச்சிதமான ஹார்டி–வைன்பெர்க், முதல் அல்லீலின் விகிதம் 0.6. பிழைக்கும் தகுதி முறையே 1, 0.8, 0.64 என்று கடும் தேர்வு வைப்போம். பிழைப்பவை 36, 38.4, 10.24. மொத்தம் 84.64. இப்போது முதல் அல்லீலின் விகிதம் (36 + 19.2) ÷ 84.64 = 0.652. ஒரே தலைமுறையில் 0.6இலிருந்து 0.652. பெரிய பாய்ச்சல்! இதன் வர்க்கம் 0.425, அதை 84.64ஆல் பெருக்கினால் 36. எதிர்பார்த்ததும் 36, கிடைத்ததும் 36. மற்ற இரண்டும் அப்படியே பொருந்தும். கை-வர்க்கம் (எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள விலகலின் அளவு) சரியாகப் பூஜ்யம். தகுதிகள் பெருக்கல் தொடரில் இருந்தால் எவ்வளவு கடுமையான தேர்வும் இந்தச் சோதனையில் தெரியாது.

அரிவாள் செல்லையே எடுங்கள். மேலே கொடுத்த தகுதிகளோடு 1000 பெரியவர்களைச் சோதித்தால் எஸ் இல்லாதவர், ஒன்று உள்ளவர், இரண்டு உள்ளவர் என்ற வரிசையில் ஏறத்தாழ 763, 234, 3 கிடைக்கும். எதிர்பார்ப்பு 774, 211, 14. கை-வர்க்கம் சுமார் 11, தாண்ட வேண்டிய 3.84ஐத் தாண்டுகிறது. அதே விகிதத்தில் 100 பேரை மட்டும் சோதித்தால் கை-வர்க்கம் 1.1. மனித இனத்தில் தெரிந்த மிகக் கடுமையான தேர்வுகளில் ஒன்று, 100 மாதிரியில் காணாமல் போய்விடுகிறது. பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தால் மாதிரி ஆயிரமானாலும் தெரியாது, ஏனென்றால் இன்னும் யாரும் சாகவில்லை.

மறுபக்கம், ஹெட்டிரோசைகோட் குறைவாகக் கிடைத்தால் அதையும் தேர்வு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு தனித்தனி இனக்கூட்டங்களை ஒன்றாகக் கொட்டி எண்ணியிருக்கலாம், அல்லது ஒரு அல்லீல் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறையில்) பெருகாமல் ஏமாற்றியிருக்கலாம். நடைமுறையில் இந்த இரண்டும்தான் அதிகம்.

மீன்கொத்தி:

சரி, அளப்பதற்கு வருகிறேன். வட அமெரிக்காவின் கோல்டன்ராட் செடித் தண்டில் யூரோஸ்டா என்ற ஈ உண்டாக்கும் உருண்டைக் கழலைகளைப் போல வசதியான பொருள் வேறில்லை. ஈப்புழு உள்ளே இருக்க, செடி அதைச் சுற்றி வீங்குகிறது. கழலையின் பருமன் ஓரளவு ஈயின் மரபையும் ஓரளவு செடியையும் பொறுத்தது. யூரிடோமா ஜைஜான்டியா என்ற குளவி முட்டைக்குழலைக் கழலைச் சுவர் வழியாக நடு அறை வரை நுழைக்க வேண்டும். சுவர் தடித்தால் எட்டாது. ஆகவே சிறியவை குளவிக்கு. மரங்கொத்தியும் சிக்கடீ என்ற சிறு பறவையும் குளிர்காலத்தில் பெரியவையாகப் பார்த்துக் கொத்தும். இரண்டு எதிரிகள், இரண்டு முனைகள்.

வசதி என்னவென்றால் செத்ததும் பிழைத்ததும் இரண்டும் தண்டிலேயே நிற்கும். கிரான்ட் குழுபோல உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடித்து அளந்து வைக்க வேண்டியதில்லை. குளிர்காலம் முடிந்து ஈ வெளியேறும் முன் ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கழலைகளையும், கண்ணில் பட்ட பெரியவற்றை மட்டுமல்ல, வெட்டி எடுங்கள். வெர்னியரால் தண்டுக்குக் குறுக்கே உள்ள அதிகபட்ச விட்டத்தை எடுத்துவிட்டுப் பிறகு பிளக்கலாம். மரங்கொத்தி கூம்பு வடிவில் சீரான துளை போட்டிருக்கும், சிக்கடீ பிய்த்துப் போட்டிருக்கும். துளையில்லாதவற்றைப் பிளந்தால், உயிருள்ள ஈப்புழு வெண்மையாகப் பீப்பாய்போலக் கொழுத்திருக்கும். அது இலையுதிர்காலத்திலேயே வெளியேறும் சுரங்கத்தைத் தோண்டி, மேல்தோலை மட்டும் மெல்லிய சன்னலாக விட்டு வைத்திருக்கும். நடு அறையில் அதற்குப் பதில் சிறிய குளவிப்புழு கிடந்தால் அந்த ஈ போன கணக்கு. சுவருக்குள் அரிப்புத் தூளோடு சுரங்கம் இருந்தால் வண்டுப்புழு, அதைத் தனிப் பத்தியில் குறிக்க வேண்டும்.

இனிக் கணக்கு. எண்கள் வழிமுறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை, ஆய்வுத் தரவல்ல. 16 மி.மீ. கழலை 60, பிழைத்தவை 15. 21 மி.மீ. 80, பிழைத்தவை 52. 26 மி.மீ. 60, பிழைத்தவை 33. மொத்தம் 200இல் 100 பிழைத்தன.

முன் சராசரி 21.0, பின் சராசரி 21.9. வேறுபாட்டளவு 0.9. முன் வேரியன்ஸ் 15, பின் வேரியன்ஸ் 11.19. ஒல்லியாகிவிட்டது, குறைவு 3.81. தட்டான் கேட்ட இடம் இதுதான். சராசரி நகர்ந்தாலே வேரியன்ஸ் குறையும், நிலைப்படுத்தும் தேர்வு துளிகூட இல்லாவிட்டாலும். எவ்வளவு என்றால் நகர்வின் வர்க்கம்: 0.9 × 0.9 = 0.81. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் 3.00தான் வளைவுத் தேர்வின் (இங்கே நடுவுக்குச் சாதகமான தேர்வின்) பங்கு. இந்தத் திருத்தம் இல்லாமல் "நிலைப்படுத்தும் தேர்வு" என்று எழுதப்பட்ட எந்தத் தாளையும் நான் நம்புவதில்லை.

நுண்ணோக்கி:

மீன்கொத்தியின் எண்களையே லாண்டே–ஆர்னால்டு முறையில் ஓட்டிக் காட்டுகிறேன். 1983இல் அவர்கள் கொடுத்த வழி இன்றும் அடிப்படை.

முதலில் தகுதியை ஒப்புத்தகுதியாக்க வேண்டும். ஒவ்வொரு கழலையும் 0 அல்லது 1, அதைச் சராசரிப் பிழைப்பான 0.5ஆல் வகுக்கவும். சிறியவற்றின் சராசரி 0.5, நடுத்தரம் 1.3, பெரியவை 1.1 வரும். விட்டத்திலிருந்து 21ஐக் கழித்து மையப்படுத்தவும். பிறகு ஒப்புத்தகுதியை விட்டத்தின் மீதும், விட்டத்தின் வர்க்கத்தின் மீதும் ரிக்ரஷன் (தரவுக்குப் பொருந்தும் கோடு அல்லது வளைவு) போட்டால் நேர்கெழு 0.06, வர்க்கக்கெழு மைனஸ் 0.02 கிடைக்கும்.

இங்கே பொறி. மென்பொருள் தரும் வர்க்கக்கெழுவை இரண்டால் பெருக்கினால்தான் வளைவுத் தேர்வின் அளவான காமா. அதாவது மைனஸ் 0.04. பெருக்க மறந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இந்தத் தவறு எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2008இல் தனியாக ஒரு கட்டுரையே வந்தது. மறந்தால் என்ன ஆகும்? உச்சம் இருக்கும் இடம் = நேர்கெழு ÷ காமாவின் அளவு = 0.06 ÷ 0.04 = 1.5. சராசரிக்கு மேலே 1.5 மி.மீ., அதாவது 22.5 மி.மீ. பெருக்காமல் விட்டால் 3 மி.மீ. வந்து உச்சத்தை 24இல் கொண்டுபோய் வைப்பீர்கள். கணித்த உச்சம் தரவின் எல்லைக்கு வெளியே விழுந்தால் அது நிலைப்படுத்தும் தேர்வே இல்லை, வளைந்த இலக்கு நோக்கிய தேர்வு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பிழைப்பு 0, 1 என்பதால் பொருட்படுத்தத்தக்கதா என்ற சோதனைக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன், கெழுவுக்குச் சாதாரண ரிக்ரஷன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விட்டத்தோடு சேர்ந்து மாறும் வேறு பண்புகள், கழலையின் உயரம், முளைத்த காலம் போன்றவை, சமன்பாட்டில் இல்லையென்றால் அவற்றின் மீதான தேர்வு விட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். வளமான மண்ணில் கழலையும் பெரிது, புழுவும் ஆரோக்கியம் என்றால், கழலைக்குத் தேர்வே இல்லாமல் கெழு வரும். இதற்கு ரிக்ரஷனில் மருந்தில்லை. பருமனைச் செயற்கையாக மாற்றிச் சோதிக்க வேண்டும், இல்லையேல் வம்சாவளித் தரவு வேண்டும்.

வவ்வால்குகை:

நல்ல கணக்கு. ஆனால் இதில் தகுதி நிலையானது என்று வைத்துக்கொள்கிறீர்கள். வேறுபாட்டைக் காக்கும் வழிகளில் என் பார்வையில் முக்கியமானது, ஒரு வகையின் தகுதி, அது இனக்கூட்டத்தில் இருக்கும் விகிதத்தைப் பொறுத்து மாறுவது. அரிதாக இருப்பதே லாபம்.

டாங்கனீகா ஏரியில் பெரிசோடஸ் மைக்ரோலெபிஸ் என்ற மீன் மற்ற மீன்களின் செதிலைப் பின்னாலிருந்து வந்து பிய்த்துத் தின்னும். வாய் சிலவற்றுக்கு இடப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். கோணலைப் பொறுத்து இரையின் எந்த விலாவைத் தாக்கும் என்பது அமைந்துவிடுகிறது. ஒரு வகை பெருகினால் இரை மீன்கள் அந்தப் பக்கம் உஷாராகிவிடும், மற்ற வகைக்கு வேட்டை எளிது. விகிதம் பாதிக்குப் பாதியைச் சுற்றி ஏறி இறங்குகிறது என்று ஹோரி 1993இல் காட்டினார். கோணல் முழுக்க மரபால் தீர்வதல்ல, பழக்கத்துக்கும் பங்குண்டு என்று பின்னால் வாதம் எழுந்தது. ஊசலாட்டத்தின் தர்க்கத்தை அது உடைக்கவில்லை.

தாவரங்களில் தன்மகரந்தத்தை மறுக்கும் எஸ் மரபணு இன்னும் தெளிவு (நுண்ணோக்கியின் எஸ் வேறு, இது வேறு). தன் அல்லீலே சூலகத்திலும் இருந்தால் அந்த மகரந்தம் முளைக்காது. புதிய அல்லீல் எங்கே போனாலும் வரவேற்பு, பெருகப் பெருகக் கதவு மூடும். அதனால்தான் ஒரே இனக்கூட்டத்தில் பல பத்து அல்லீல்கள் நிற்கின்றன.

பேதை உள்ளான் என்ற பறவையில் மூன்று வகை ஆண்கள். ஆட்டக்களத்தில் இடம்பிடித்துச் சண்டையிடுபவை பெரும்பான்மை, வெளுத்த கழுத்துச் சிறகோடு ஒட்டி நிற்பவை சிறுபான்மை, பெட்டை வேடத்தில் நுழைபவை நூறில் ஒன்றுக்கும் குறைவு. வித்தியாசம் முழுவதும் சுமார் 45 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு தலைகீழாகத் திரும்பியதில் இருக்கிறது. திரும்பிய துண்டு இரண்டு பிரதியாக வந்தால் கருவிலேயே சாவு. தேர்வு அதை அழிக்க எல்லாக் காரணமும் இருந்தும், சுமார் 38 லட்சம் ஆண்டுகளாக அந்தத் துண்டு இனத்தில் இருக்கிறது.

தட்டான்:

இப்போது பிடிபடுகிறது. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. எத்தனை மாதிரி போதும்?

கணக்கன்:

பிழைப்பு வீதத்தைப் பொறுத்தது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

வெளியான ஆய்வுகளைத் தொகுத்த 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில், திட்ட விலக்க அலகில் நேர்கெழுவின் அளவுக்கு இடைநிலை 0.16. அதையே இலக்காக வைப்போம். கெழுவின் திட்டப்பிழை ஏறத்தாழ, ஒப்புத்தகுதியின் வேரியன்ஸை மாதிரி எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தது. பாதி பிழைத்தால் ஒப்புத்தகுதியின் வேரியன்ஸ் 0.5 ÷ 0.5 = 1. 0.16ஐ 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கத் திட்டப்பிழையின் 2.8 மடங்கு வேண்டும். (2.8 ÷ 0.16) வர்க்கம், சுமார் 306. பத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது என்றால் வேரியன்ஸ் 0.9 ÷ 0.1 = 9, தேவை சுமார் 2,750. இது நேர்கெழுவுக்கு மட்டும். வர்க்கக்கெழுவை நம்பும்படி பிடிக்க இன்னும் கூடுதல் தேவை. அதே 2001 தொகுப்பில் வர்க்கக்கெழுக்கள் பூஜ்யத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்திருந்தன, அதாவது நிலைப்படுத்தும் தேர்வு உடைத்தல் முறையைவிட அதிகம் தென்படவில்லை. பாதிக்குமேல் ஆய்வுகளில் மாதிரி போதாமல்தான் இப்படி என்பது என் சந்தேகம்.

மீன்கொத்தி:

மாதிரி எண்ணோடு இன்னொன்றையும் பாருங்கள். உயிரோடு பிடித்து அடையாளமிட்டு விடும் விலங்குகளில், திரும்பப் பிடிபடாதது எல்லாம் செத்தது அல்ல. பெரியது வலையில் எளிதில் சிக்கும், சிறியது நழுவும் என்றால் தேர்வே இல்லாமல் பெரியதற்குச் சாதகமான கெழு கிடைக்கும். குறைந்தது மூன்று முறை பிடித்து, பிடிபடும் வாய்ப்பையும் பிழைப்பையும் தனித்தனியாக மதிப்பிடும் கோர்மாக்–ஜாலி–செபர் மாதிரியில் பருமனை இரண்டிலும் மாறியாகப் போடுங்கள். கழலையில் இதே தொல்லை வேறு உருவில் வரும். பறவை கொத்திய கழலைகள் காற்றில் தண்டோடு ஒடிந்து விழுவது அதிகம். நிற்பதை மட்டும் எண்ணினால் பெரியவற்றின் சாவு குறைவாகத் தெரியும். இலையுதிர்காலத்திலேயே தண்டுகளுக்கு எண்ணிட்ட பட்டை கட்டிவிட்டால், விழுந்ததையும் தரையில் தேடி எடுத்துக் கணக்கில் சேர்க்கலாம்.